மாத்திரையை நிறுத்திய எட்டாம் நாள்

கேள்வி, 3 பிப்ரவரி 2025

வயது 29, திருப்பூர், பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பதட்டத்துக்காக எஸ்சிடலோபிராம் 10 மி.கி. இருபது மாதம் சாப்பிட்டேன். வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். வருகிற ஒறம்பரை யார் கண்ணிலும் மாத்திரைப் பட்டை படக்கூடாது என்று ஒரேயடியாக நிறுத்திவிட்டேன். இன்று எட்டாம் நாள். கண்ணை இப்படி அப்படித் திருப்பினால் தலைக்குள் சுரீரென்று கரண்ட் அடிக்கிறது. கிறுகிறுப்பு, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது, தூக்கம் இல்லை. யார் பேசினாலும் எரிந்து விழுகிறேன். மெடிக்கல் ஷாப்காரர், "இது பழக்கமாகிற மாத்திரையே இல்லைங்க, மனசைத் திடமா வைங்க" என்கிறார். பழைய சீக்கு திரும்பிவிட்டதா?

3 பிப்ரவரி, இரவு

முதலில் பைக் சாவியை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் தம்பி. அவினாசி ரோட்டில் பின்னால் வருகிற பஸ்ஸைப் பார்க்கத் திரும்புகிற நொடியில் அந்தக் கரண்ட் அடித்தால் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. அடுத்து, மருந்து எழுதித் தந்த மருத்துவரை நாளைக்கே போய்ப் பாருங்கள். மீதி எல்லாம் அதற்கு அப்புறம்.

எனக்கு வந்ததை எழுதுகிறேன். காங்கயத்தில் எங்களுக்குக் கொப்பரைக் களம் இருக்கிறது, கணக்கு நான் பார்க்கிறேன். 2019இல் அம்மா போன பிறகு தூக்கமே போய், இதே மருந்து ஆரம்பித்தது. 2021 வைகாசியில் நானாக நிறுத்தினேன். ஐந்தாம் நாள், கணக்கு நோட்டில் இடது பக்கம் ஆள் பெயரைப் படித்துவிட்டு வலது பக்கம் கூலித் தொகைக்குக் கண்ணைக் கொண்டுபோகிறேன், நடுவில் 'ஜிவ்'வென்று ஒன்று மண்டைக்குள் ஓடி உதடு வரை வந்து நின்றது. வலி இல்லை. ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டது மாதிரி. திரும்பப் பெயருக்கு வந்தேன், மறுபடி. ஒரு பக்கக் கணக்கை முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. வெளியே களத்தில் வெயிலுக்குக் காயப்போட்ட தேங்காய் மூடிகளின் வெள்ளையைப் பார்க்கவே முடியவில்லை.

அதனால் உங்கள் தலைக்குள் அடிக்கிற கரண்ட் கற்பனை இல்லை. ஊர் உலகத்தில் நிறைய பேருக்கு வருவது, மருத்துவ நூல்களில் இருப்பது.

4 பிப்ரவரி

"பழக்கமாகிற மாத்திரை இல்லை" என்பதில் பாதிதான் சரி. சாராயம், புகையிலை மாதிரி "இன்னும் வேணும், இன்னும் வேணும்" என்று மனது அலையாது. ஆனால் மூளைக்குள் சேதி கடத்துகிற செரோட்டோனின் என்ற ரசாயனத்தை மாதக்கணக்கில் கூட்டி வைத்திருந்த மருந்துக்கு மூளை தன்னைப் பழக்கிக்கொண்டிருக்கும். அதைச் சட்டென்று பிடுங்கினால் மூளை தடுமாறாமல் என்ன செய்யும்? மனசைத் திடமாக வைப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சர்க்கரை மாத்திரையை நிறுத்தியவரிடம் யாரும் மனசைத் திடமா வை என்று சொல்வதில்லை.

சீக்கு திரும்பியதா, நிறுத்தியதன் விளைவா என்று எப்படிப் பிரிப்பது? எனக்கு இதை விளக்கிச் சொன்னது நான் பார்த்த இரண்டாவது மருத்துவர். நிறுத்திய விளைவு பெரும்பாலும் சில நாட்களுக்குள்ளேயே ஆரம்பிக்கும். முன்பு நோய் இருந்தபோது இல்லாத உடல் தொந்தரவுகள் கூட வரும்: இந்தக் கரண்ட், கிறுகிறுப்பு, குமட்டல், காய்ச்சல் வருகிற மாதிரி உடம்பு வலி, வேர்வை. மருந்தைத் திரும்பத் தொடங்கினால் ஓரிரு நாளில் நன்றாகவே தணியும். நோய் திரும்புவது வேறு மாதிரி. வாரங்கள், மாதங்கள் கழித்து, மெல்ல மெல்ல, பழைய முகத்தோடேயே வரும்.

என் முதல் மருத்துவருக்கு இதை யோசிக்க நேரம் இருக்கவில்லை. "நோய் திரும்பிருச்சு, இனி ஆயுசுக்கும் சாப்பிடணும்" என்று அளவை இருமடங்காக எழுதினார். அன்று பல்லடம் வழியாகப் பஸ்ஸில் திரும்பி வந்தபோது அழுத அழுகையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. இல்லாத ஆயுள் தண்டனை ஒன்றை என் தலையில் வைத்துக்கொண்டு எட்டு மாதம் இருந்தேன்.

6 பிப்ரவரி

"நான் ஒரே நாளில் நிறுத்தினேன், ஒன்றும் ஆகவில்லை, சும்மா பயம் காட்டாதீங்க" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்கு ஆகவில்லை என்பதை நம்புகிறேன். பெரும்பாலானவர்களுக்குக் கடுமையாக எதுவும் ஆவதில்லை என்பதும் உண்மை. 2024இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த தொகுப்பாய்வில் 79 ஆய்வுகளை, சுமார் 21,000 பேரைச் சேர்த்துப் பார்த்தார்கள். இந்த மாதிரி மனச்சோர்வு மருந்துகளை நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு அறிகுறி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேருக்கு. இரண்டையும் கழித்தால் ஆறேழு பேரில் ஒருவருக்கு மருந்தாலேயே வருகிறது. கடுமையாக வருவது ஏறக்குறைய 35 பேரில் ஒருவருக்கு.

அந்த ஆய்வுகள் பலவற்றில் ஆட்கள் மருந்து சாப்பிட்டது சில மாதங்கள்தான் என்ற விமர்சனமும் உண்டு. நம் ஊரில் மூன்று வருடம், ஐந்து வருடம் என்று சீட்டைக் காட்டிக் காட்டி வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

எந்த மருந்து என்பதும் முக்கியம். இதே மாதிரி மனச்சோர்வுக்கும் பதட்டத்துக்கும் தருகிற பராக்ஸெட்டின், வென்லாஃபாக்சின் இரண்டும் உடம்பை விட்டுச் சீக்கிரம் போய்விடும், அதனால் தொந்தரவும் சீக்கிரமாக, முரட்டுத்தனமாக வரும். வென்லாஃபாக்சின் ஒரு வேளை தவறினாலே அன்று பொழுதோடு தெரிந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. ஃப்ளூக்ஸெட்டின் வாரக்கணக்கில் உடம்பில் தங்கித் தானாகவே மெல்லக் குறைகிறது. எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் நடுவில்: ஒரு நாளுக்குச் சற்று மேலே போனால் இரத்தத்தில் பாதி அளவு குறைந்துவிடும்.

9 பிப்ரவரி

தம்பி இன்னும் மருத்துவரிடம் போகவில்லை, கம்பெனியில் ஷிப்மென்ட் நேரமாம். சரி, எப்படிக் குறைப்பது என்று கேட்கிறார். நான் இரண்டாம் தடவை செய்தது: ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை, அப்புறம் பிளேடால் நாலாக வெட்டி ஒரு துண்டு. முழுதாக நிறுத்தியதைவிட இது தேவலாம்.

11 பிப்ரவரி

மேலே 9ஆம் தேதி நான் எழுதியதை யாரும் செய்ய வேண்டாம். அழிக்காமல் விடுகிறேன், இந்தத் திருத்தமும் கூடவே இருக்கட்டும்.

கோபியிலிருந்து ஒரு அம்மணி அதைப் படித்துவிட்டு, தன்னுடைய டெஸ்வென்லாஃபாக்சின் மாத்திரையைப் பிளேடால் வெட்டி, ஒன்றுவிட்டு ஒரு நாள் சாப்பிட்டிருக்கிறார். இரண்டு நாளாகத் தலை தூக்க முடியவில்லை. அந்த மாத்திரை நாள் முழுக்க மெல்ல மெல்லக் கரைகிற மாதிரி செய்யப்பட்டது. வெட்டினால் அந்த அமைப்பு உடைந்து மருந்து ஒரேயடியாக இறங்கும், பிறகு ஒன்றும் இருக்காது. பட்டையில் 'இஆர்', 'எக்ஸ்ஆர்', 'சிஆர்', 'எஸ்ஆர்' என்று எது போட்டிருந்தாலும் வெட்டவோ, பொடிக்கவோ, மெல்லவோ கூடாது.

ஒன்றுவிட்டு ஒரு நாள் என்பதும் தவறு. ஒரு நாளுக்குச் சற்று மேலே பாதியாகிவிடுகிற மருந்தை இரண்டு நாளுக்கு ஒரு முறை போட்டால், உடம்பு ஒரு நாள் ஏறி ஒரு நாள் விழும். தினமும் சிறிய அளவு, ஒரே நேரத்தில், அதுதான் சரி. என்னிடம் அந்த முறையைச் சொன்னது ஒரு மருந்துக் கடை ஆள், நான் நான்கு வருடம் கழித்து அதையே இன்னொருவருக்குச் சொல்லிவிட்டேன். அந்த அம்மணியிடம் போனில் பேசினேன். மருத்துவர் பழைய அளவையே திரும்பத் தொடங்கச் சொல்லியிருக்கிறார், இப்போது எழுந்து நடமாடுகிறார். மன்னித்துவிடுங்கள் அம்மணி.

15 பிப்ரவரி

தம்பி, உங்கள் பட்டையில் மருந்துப் பெயருக்குப் பக்கத்தில் 'பிளஸ்' என்று இருக்கிறதா? பின்பக்கம் பொடி எழுத்தில் எத்தனை மருந்துப் பெயர் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். நடுக்கம் இருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

15 பிப்ரவரி, பொழுதோடு

இருக்கிறதாம். எஸ்சிடலோபிராம் 10, கூடவே குளோனாசிபாம் 0.5. கை நடுக்கமும் இருக்கிறதாம், வெட்கப்பட்டுக்கொண்டு முதலில் எழுதவில்லையாம்.

இன்றைக்கே போங்கள். ஷிப்மென்ட் கிடக்கட்டும்.

மற்றவர்களுக்கு: நம் நாட்டில் இந்த இரண்டு மருந்தும் ஒரே மாத்திரையாகச் சேர்ந்து வருவது சர்வ சாதாரணம். குளோனாசிபாம் தூக்கத்துக்கும் பதட்டத்துக்கும் தருவது, பென்சோடயசிபைன் வகை. அது நிஜமாகவே பழக்கமாகிற மருந்து. மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், பயங்கரப் பதட்டம் வரும். சிலருக்கு வலிப்பே வந்துவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் இந்த வகை மருந்துகள் எல்லாவற்றுக்கும் கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிடுகிற எச்சரிக்கையில் இந்த ஆபத்துகளையும் சேர்க்கச் சொன்னதே இதனால்தான். 'பிளஸ்' மாத்திரையை நிறுத்துகிறவர் ஒரு மருந்தை நிறுத்தவில்லை, இரண்டை ஒரே நாளில் நிறுத்துகிறார். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, தனித்தனி வேகத்தில் இறக்க வேண்டும். வீட்டில் நாமாகச் செய்கிற காரியமே இல்லை இது.

16 பிப்ரவரி

நேற்று இரவு தூக்கம் வராமல் என் பழைய சீட்டுகளைத் தேடினேன். மில் காலண்டருக்குப் பின்னால் மாட்டியிருக்கும் துணிப்பையில் அம்மாவின் இறப்புச் சான்றிதழ், கேஸ் புக், எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. 2020, 2021 சீட்டுகள் அத்தனையிலும் அதே 'பிளஸ்'.

அப்படியானால் முதல் நாள் நான் எழுதியதில் ஒரு பகுதியைத் திருத்த வேண்டும். கண் திரும்பும்போது அடித்த கரண்ட் எஸ்சிடலோபிராமுடையதாக இருக்கலாம். ஆனால் நான்கு இரவு கொட்டக் கொட்ட விழித்திருந்தது, தம்ளரைப் பிடித்தால் காப்பி சிந்துகிற அளவுக்குக் கை ஆடியது, அதெல்லாம் இன்னொரு மருந்தின் வேலையாக இருந்திருக்கும். வலிப்பு வராமல் தப்பித்தேன். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் அந்த வாரம் நோம்பிக்கு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தேன். நாலு வருடமாக எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. சீட்டு எழுதியவரும் சொல்லவில்லை, விற்றவரும் சொல்லவில்லை.

17 பிப்ரவரி

தம்பி போய்விட்டார். மருத்துவர் இரண்டையும் பிரித்து எழுதித் தந்திருக்கிறார். இரண்டு வேளையிலேயே நடுக்கம் குறைந்தது என்கிறார்.

23 பிப்ரவரி

"10ஐ 5 ஆக்கினேன், பாதி வழி வந்தாச்சு, ஒன்றுமே ஆகவில்லை. 5ஐ விட்டதும் ஏன் இப்படி?" பவானிக்காரர் ஒருவர் கேட்டது. இது நல்ல கேள்வி.

ஆசனூரிலிருந்து சத்தியமங்கலம் இறங்கியிருக்கிறீர்களா? ஆசனூரிலிருந்து திம்பம் வரை காட்டுக்குள் சமமாகவே போகும். தூரத்தில் நிறைய தாண்டியிருப்போம், ஆனால் உயரம் அவ்வளவாகக் குறைந்திருக்காது. இறக்கம் முழுக்க கடைசியில், பண்ணாரிக்கு முன்னால் 27 கொண்டை ஊசி வளைவில் இருக்கிறது. லாரிக்காரர்கள் அங்கேதான் கியரைக் குறைத்து ஊர்ந்து வருவார்கள்.

மருந்தும் அப்படித்தான். 2019இல் ஹோரோவிட்ஸ், டெய்லர் என்ற இருவர் இதை லான்செட் சைக்கியாட்ரியில் எழுதினார்கள். எஸ்சிடலோபிராமின் உடன்பிறப்பான சிடலோபிராமை எடுத்துக்கொண்டால், 20 மி.கி. மூளையில் செரோட்டோனினைத் திரும்ப உறிஞ்சுகிற இடங்களில் சுமார் 80 சதவீதத்தைப் பிடித்துக்கொள்கிறது. 9 மி.கி.க்கு இறக்கினாலும் சுமார் 70. சுமார் 5 மி.கி.யில் 60. அதாவது மாத்திரையில் முக்கால்வாசி போன பிறகும் வேலையில் கால்வாசிதான் போயிருக்கிறது. மிச்ச 60ம் அந்தக் கடைசி 5 மி.கி.க்குள் இருக்கிறது. அதை ஒரே நாளில் விடுவது திம்பத்திலிருந்து நேராகக் கீழே குதிப்பது.

அதனால் கீழே வர வர அளவும் பொடியாக வேண்டும், நேரமும் கூட வேண்டும். நான் மூன்றாம் தடவை, இரண்டாவது மருத்துவரோடு செய்தது இப்படித்தான்: 10, 7.5, 5, அப்புறம் 2.5, அதற்கும் கீழே இரண்டு படி. ஒவ்வொரு படியிலும் நாலிலிருந்து ஆறு வாரம். தொந்தரவு வந்தால் அங்கேயே நிற்பது, ரொம்ப வந்தால் ஒரு படி ஏறிக்கொள்வது. 2.5இல் மட்டும் மூன்று மாதம் நின்றேன். மொத்தம் பதினோரு மாதம். சில மருந்துகளுக்குத் திரவ வடிவமும் உண்டு, பொடி அளவு எடுக்க அது வசதி, கேட்டுப் பாருங்கள். என் கணக்கு என் உடம்புக்கு. உங்கள் மருத்துவர் வேறு சொன்னால் அதைக் கேளுங்கள்.

பிரிட்டனில் 2019 வரைக்கும் அரசு வழிகாட்டியிலேயே "லேசாக இருக்கும், ஒரு வாரத்தில் சரியாகும்" என்று இருந்தது. அப்புறம்தான் சிலருக்குக் கடுமையாகவும் நீண்ட நாளும் இருக்கும் என்று மாற்றினார்கள். எனக்கு இருமடங்கு எழுதிய முதல் மருத்துவர்மேல் இருந்த கோபம் இதைப் படித்த பிறகு கொஞ்சம் இறங்கியது. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே அப்படியாக இருந்திருக்கும்.

2 மார்ச்

கனவைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், மருந்து குறைக்கும்போது கனவு கண்ணாடி மாதிரித் தெளிவாக வரும், நிறத்தோடு, வாசனையோடு. நிறுத்தியதன் அறிகுறிகளில் அதுவும் ஒன்று. எனக்கு ஒரு வாரம் தொடர்ந்து அம்மா வந்தார், கையில் ஒரு படி நிலக்கடலை. வெள்ளனே எழுந்து அத்தையிடம் சொன்னேன். அத்தை உடனே, "கண்ணு, சிவன்மலைக்கு ஒரு எட்டு போய்ச் சொல்லீட்டு வந்துரலாம்" என்று கிளம்பிவிட்டார். வெளியூர்க்காரர்களுக்காக: சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. பக்தர் கனவில் வந்த பொருளைச் சாமியிடம் உத்தரவு கேட்டு அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள்.

கடலை பெட்டிக்குப் போகவில்லை. ஆனால் அத்தையோடு படியேறிப் போய் உட்கார்ந்த அந்தக் காலை நேரத்தில்தான், நான் மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதையே முதன்முதலில் அவரிடம் சொன்னேன். "இதுக்கா இத்தன நாளு ஒளிச்சு ஒளிச்சுத் தின்ன?" என்றார். அதோடு சரி. அன்றிலிருந்து எட்டு மணி ஆனால் தண்ணீர்ச் செம்பை எடுத்து வைப்பது அவர்தான்.

9 மார்ச்

இதை எழுதத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

2021இல் நிறுத்திய இரண்டாவது வாரம், "இருந்து என்ன ஆகப்போகுது" என்ற நினைப்பு வந்தது. நோயின் மோசமான நாட்களில்கூட எனக்கு அது வந்ததில்லை. யாரோ பக்கத்தில் நின்று சொல்கிற மாதிரி, எந்தக் காரணமும் இல்லாமல், பாத்திரம் கழுவும்போது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "என்னை இன்னைக்குத் தனியா விடாதீங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் களத்துக்குப் போகாமல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் மருத்துவரிடம் கூட்டிப்போனார்.

மருந்தைத் தொடங்குகிற வாரங்களிலும், அளவை மாற்றுகிற, நிறுத்துகிற வாரங்களிலும் இப்படி வரலாம். 25 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். வந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" கிடையாது. வீட்டில் ஒருவரிடம் அந்த நிமிடமே சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். 14416 டெலி மானஸ், மத்திய அரசு 2022இல் தொடங்கியது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு: அவர் எரிந்து விழுந்தால் பதிலுக்கு எரிந்து விழாதீர்கள். மாத்திரை எத்தனை மீதி இருக்கிறது என்று பட்டையை எண்ணி வையுங்கள். தீபாவளி, பொங்கல் சமயத்தில் கடை அடைத்துவிடுவார்கள், அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். நிறுத்த வேண்டும் என்று நினைக்காமலே மாத்திரை தீர்ந்துபோய் நின்றவர்கள் எத்தனையோ பேர்.

30 மார்ச்

திரும்பப் படித்துப் பார்த்தேன். நான் எழுதியதை எல்லாம் சேர்த்துப் படித்தால், எல்லோரும் மருந்தை விட்டே ஆகவேண்டும் என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. அப்படிச் சொல்லவில்லை.

பிரிட்டனில் நீண்ட நாள் மருந்து சாப்பிட்டு, நன்றாக இருந்து, நிறுத்தலாமா என்று யோசித்த 478 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2021இல் வந்தது. ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது, மருந்தைத் தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு, படிப்படியாக நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கு. எப்படிப் படித்தாலும் அதில் இரண்டு செய்தி இருக்கிறது. நிறுத்தியும் நன்றாக இருந்தவர்கள் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல். தொடர்ந்தால் பாதுகாப்பு அதிகம் என்பதும் உண்மை.

என் நங்கையா (அண்ணி) பத்து வருடமாகச் சாப்பிடுகிறார். இருமுறை நோய் திரும்பி, இரண்டாவது முறை பிழைத்ததே பெரிது. நான் விட்ட புதிதில் அவரிடம் போய், "நீங்களும் விட்டுப் பாருங்க நங்கையா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு நாள் என் கையைப் பிடித்து, "எனக்கு இது வேணும் அம்மணி, என்னைய விட்டுரு" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

22 ஜூன்

தம்பியிடமிருந்து செய்தி. குளோனாசிபாமை முதலில் இறக்குகிறார்கள், கால்வாசி கால்வாசியாக, அதிலேயே மூன்று மாதம் போய்விட்டது. எஸ்சிடலோபிராம் இன்னும் 10தான், அதைத் தொடுவதற்கு அவசரமே இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். பெண் பார்க்கும் பேச்சை ஆவணி வரைக்கும் தள்ளி வைக்கச் சொல்லி வீட்டில் காரணத்தோடு பேசியிருக்கிறார். அப்பா இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் மருத்துவரிடம் கூடவே வந்தாராம்.

அளவு குறைக்கிற வாரங்களில் மட்டும் பைக் சாவியை என் தம்பியிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸில் போகிறேன் அக்கா, என்று எழுதியிருக்கிறார்.